வைத்திக்குப்பத்தின் ஒன்பதாம் வீடு

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று 1955-இல் சென்னையில் யாரிடம் சொன்னாலும் கண்ணைச் சிமிட்டினார்கள். இங்கே மதுவிலக்கு, அங்கே அது கிடையாது. "ஆபீஸ் வேலையாகத்தான் போகிறேன்" என்று நான் சொல்லச் சொல்ல அவர்கள் சிரிப்பு பெரிதாயிற்று. நான் காபியைத் தவிர வேறெதுவும் குடித்தறியாதவன். அதிலும் இரண்டாவது டம்ளர் இறங்கினால் நெஞ்சு படபடக்கும்.

என் தொழில் சுருக்கெழுத்து. சென்னைச் சட்டசபையில் இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவர்கள் விட்டுப் போன பிரதிநிதி சபை அப்படியே இருந்தது. அதன் தலைக்கு மேலே கவர்னர் இருந்த இடத்தில் இப்போது டெல்லி அனுப்பிய கமிஷனர். இருவருக்கும் நடுவில் கவுன்சிலர்கள் சிலர். ஊரார் அவர்களை மந்திரிகள் என்றார்கள். இனி எந்த அதிகாரம் யாருக்கு என்று பிரித்து எழுதப் போகிறார்கள், அதைப் பற்றிச் சபையில் இரண்டு வாரம் விவாதம் நடக்கும், தமிழில் பேசுகிறவர்களின் பேச்சைச் சொல்லுக்குச் சொல் எடுக்க ஓர் ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தது. என்னை அனுப்பினார்கள்.

"அது வெளிநாடா, உள்நாடா? பாஸ்போர்ட் வேணாமா?" என்று என் மனைவி கேட்டாள். மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். ஆட்சி நம்முடையது, சாசனப்படி மண் இன்னும் அவர்களுடையது என்று சொல்லிவிட்டு, "போய்ப் பார்த்துட்டு வந்து எனக்கும் சொல்லும்" என்றார். பயம் இன்னும் கூடிற்று.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸில் என்னைத் தவிர எல்லோரும் ஏதோ முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதுபோல் பரபரத்தார்கள். இறங்கியதும் நேரே எதிர்க் கடைக்குள் நுழைந்தார்கள். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. தெருப் பெயர்ப் பலகைகளில் இரண்டு மொழி. பகல் ஒரு மணிக்கு நான் நடந்த தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஏதோ இழவு விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பன்னிரண்டு அடித்தால் ஊர் சாப்பிட்டுப் படுத்துவிடும், அலுவலகமும் கடையும் மூன்று மணிக்குத்தான் திறக்கும் என்று. சென்னையில் நாங்கள் மேசைமேல் தலை வைத்துத் திருட்டுத்தனமாகத் தூங்குவதை இவர்கள் சட்டமாகவே வைத்திருந்தார்கள்.

சபைச் செயலகத்தில் குறிப்பு எழுதும் லூர்துசாமியின் வீட்டில் எனக்கு இடம் ஏற்பாடாகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். பிரெஞ்சில் கனவு காண்பார், தமிழில் கோபப்படுவார். என்னை, ஐயா என்ற பொருளில், "முசே" என்றே கூப்பிட்டார். அவர் மனைவி செசிலி அம்மா காலையில் நீளமான ரொட்டியை வெட்டி வைத்தார், கூடவே முந்தைய நாள் மீன்குழம்பு. ரொட்டியைக் குழம்பில் தோய்த்துத் தின்பது எனக்கு அதுவே முதல் தடவை. வயிறு என்ன செய்யுமோ என்ற கவலையுடன் நாலு துண்டு தின்றேன். ஒன்றும் செய்யவில்லை.

அஞ்சலையை மறுநாள் திங்கட்கிழமை காலை பார்த்தேன். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கூடையுடன் அந்த வீட்டுக்கு வாடிக்கையாக வருகிறவள். சங்கரா மீனைக் கூறு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"இவருதான் சபையில எல்லாத்தையும் எழுதறவரா?"

"ஆமா. மெட்ராஸிலேருந்து வந்திருக்காரு" என்றார் செசிலி அம்மா.

"அப்ப எங்க விஷயத்தையும் எழுதுங்க ஐயா. எங்க கதவுல காகிதம் ஒட்டிட்டுப் போய்க்கிறாங்க."

விஷயம் இதுதான். கடற்கரையில் ஒரு கிடங்கும் அதற்குப் பாதையும் வரப்போகிறது. குப்பத்தின் ஓரத்தில் ஒன்பது வீடுகள் பாதையில் விழுகின்றன. ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து மனுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு பிரிக்கப்படும் என்று நோட்டீஸ். ஒன்பது வீட்டு ஆண்களும் மனு எழுதி வாங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை சேர்ந்து போய்க் கைநாட்டு வைப்பதாக ஏற்பாடு. அதற்கு நடுவில் அவர்கள் பகுதி உறுப்பினர் சபையில் இதைப் பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

"பேசுவாரு. பேசறதை ஒன்னு உடாம எழுதிக்குங்க. எழுதிட்டா அது நின்னுடுமில்ல?" என்றாள் அஞ்சலை.

எழுதிவிட்டால் நின்றுவிடும் என்று என் தொழிலைப் பற்றி யாரும் அதுவரை சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

சபை மண்டபம் நம்முடையதில் கால் பங்குதான், சத்தம் மட்டும் குறையவில்லை. பாதிப் பேர் பிரெஞ்சில் ஆரம்பித்துக் கோபம் வந்ததும் தமிழுக்கு இறங்கினார்கள். கோபம் எப்போது வரும் என்று தெரியாததால் நான் பென்சிலைத் தாளின் மேலேயே வைத்திருந்தேன். ஒருவர் எழுந்து, "வெள்ளைக்காரன் காலத்துல நாம கை தூக்கினோம், கவர்னர் மனசு வைச்சாரு. இப்பவும் நாம கை தூக்கிட்டு கமிஷனர் மனசைப் பார்த்துக்கினு இருக்கணும்னா கொடி எதுக்கு மாறிச்சி?" என்றார். இன்னொருவர், "எல்லா அதிகாரத்தையும் சபைக்குக் குடுத்தா நாம தினம் அடிச்சிக்கினு நிப்போம், நிர்வாகம் யார் பண்றது?" என்றார். இரண்டுமே எனக்குச் சரி என்று பட்டது. சுருக்கெழுத்துக்காரனுக்கு அப்படித்தான் படும்.

புதன்கிழமை மாலை வைத்திக்குப்பத்து உறுப்பினர் பேசினார். நன்றாகவே பேசினார். ஒன்பது வீடுகளும் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும், பாதை நாற்பது கஜம் தள்ளிப் போகட்டும் என்று தீர்மானம். அதற்குப் பதில் சொல்லக் கவுன்சிலர் ஒருவரே எழுந்தார். "நானும் ஒத்துக்கறேன்" என்று சொல்லித் தம் கையையும் தூக்கினார். மண்டபம் முழுக்கக் கை. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை.

என் இருபத்திரண்டு வருஷ அனுபவம் என்னை அங்கேதான் கவிழ்த்தது. சென்னையில் சபை வெறுமனே ஒரு தீர்மானம் போட்டால் அது ஏட்டில் கிடக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மந்திரியே எழுந்து 'ஒத்துக்கொள்கிறேன்' என்றால் கதை வேறு. விளக்கு வைப்பதற்குள் கோட்டையிலிருந்து உத்தரவு கிளம்பிவிடும். அதை எத்தனையோ தடவை கண்ணால் கண்டவன் நான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே வைத்திக்குப்பத்துக்கு நடந்தேன்.

மணலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அஞ்சலை வீட்டு முன்னால் ஆண்களும் பெண்களுமாகக் கூடினார்கள். "மந்திரியே ஒத்துக்கொண்டார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. இனிக் கவலை வேண்டாம்" என்றேன்.

"அப்ப நாளைக்கு மனுக் குடுக்கப் போவ வேணாமா ஐயா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"முடிந்துபோன விஷயத்துக்கு மனு எதற்கு?"

இந்த நாலு சொற்களை நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இன்றும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. ஒருத்தி எனக்கு வறுத்த நெத்திலியைத் தட்டு நிறையக் கொண்டுவந்தாள். தின்றேன். முதல் தடவையாக அந்த ஊரில் பசித்துச் சாப்பிட்டேன்.

தெற்கே காணாங்கெளுத்தி மீன் கூட்டம் கூட்டமாக ஓடுகிறது என்று இரண்டு நாளாகப் பேச்சு. மனுவுக்காகத்தான் ஆண்கள் கரையில் தங்கியிருந்தார்கள். வியாழக்கிழமை விடியும் முன்பே கிளம்பிவிட்டார்கள். நோணாங்குப்பம் தாண்டித் தங்கிப் பிடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு லூர்துசாமியும் நானும் செயலகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து புதன்கிழமைக் குறிப்பைச் சரிபார்த்தோம். என்னுடையது பதினெட்டுப் பக்கம், அவருடைய பிரெஞ்சுச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம். வைத்திக்குப்பம் வந்த இடத்தில் அவர் ஒரே வரி எழுதியிருந்தார். படித்துச் சொல்லச் சொன்னேன்.

"ஒன்பது வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கணும்னு சபை விரும்புது."

"விரும்புகிறதா? முடிவு செய்தார்களே?"

"இல்லை முசே. சபை ரெண்டு விதமா பேசும். ஒன்னு முடிவு, ஒன்னு விருப்பம். கடற்கரை நிலம் சபை கையில இல்லை, அது நிர்வாகத்துது. அதைப் பத்தி இவங்க விரும்பத்தான் முடியும்."

"மந்திரியே ஒத்துக்கொண்டாரே!"

"அவர் மந்திரின்னு யார் சொன்னது? கவுன்சிலர். அவரும் சேர்ந்து விரும்பினாரு, அவ்வளவுதான். கையெழுத்து கமிஷனரோடது. அதை மாத்தணும்னுதானே இந்த ரெண்டு வாரமும் கத்தறாங்க!"

குப்பத்தில் நான் சொன்னதை லூர்துசாமியிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தமிழில்தான் பேசினார், அதாவது கோபம். "உங்களை யாரு பேசச் சொன்னது முசே? எழுத வந்தீங்க, எழுதிட்டுப் போக வேண்டியதுதானே!" பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாக ஐந்து நிமிஷம். "ஓடுங்க. பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்கு. நான் வாசல்ல வந்து நிக்கறேன்."

ஓடினேன். ஐம்பதை நெருங்கும் உடம்பு கடற்கரைச் சாலையில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைச் சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். அஞ்சலை அப்போதுதான் விற்று முடித்துத் திரும்பியிருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "ஆம்பளைங்க எல்லாம் கடல்ல இருக்குதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து வீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பழைய மனு ஆண்களின் பெயரில் இருந்தது. பெண்கள் பெயரில் புதிதாக எழுத வேண்டும். மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நோட்டின் அட்டையை மேசையாக்கிக்கொண்டு எழுதினேன். எட்டுப் பெண்கள் வரிசையாகப் பெயர் சொன்னார்கள். ஒன்பதாவது பெயர் வரவில்லை.

"ஒன்பதாவது வீடு?"

"அது முருகையன் ஊடு" என்றாள் அஞ்சலை. "ஒண்டிக்கட்டை. அதுக்குன்னு யாரும் இல்ல. அதுவும் கடலுக்குத்தான் போய்க்குது."

"அவர் சார்பில் வேறு யாராவது கைநாட்டு வைத்தால்?"

"யாருன்னு வைக்கறது ஐயா? பொண்டாட்டின்னு வைக்கவா?" என்று ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

பதினொன்றே காலுக்கு எழுதி முடித்தேன். நடக்க முடியாதென்று சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் செயின் கழன்றது. ரிக்‌ஷாக்காரர் இறங்கி நிதானமாக மாட்டினார், மறுபடி கழன்றது. அவர் பீடி பற்ற வைத்துக்கொண்டு அதைப் பற்றி யோசித்தார். அந்த நேரத்தில் எட்டுப் பெண்களும் கூடை சுமக்கும் அதே நடையில், திரும்பிப் பார்க்காமல், என்னைத் தாண்டிப் போனார்கள். மனு என் கையில் இருக்கிறது என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன்.

லூர்துசாமி வாசலில் நின்றார். மனுவின் தலையில் பிரெஞ்சில் இரண்டு வரி சேர்த்தார். உள்ளே குமாஸ்தா சன்னல் கதவைச் சாத்தத் தயாராக இருந்தார். மனுவைப் படித்துவிட்டு, "வீட்டுத் தலைவர்தான் வரணும். பொம்பளைங்க வந்தா எப்படி?" என்றார்.

அஞ்சலை முன்னால் வந்தாள். "கதவுல காகிதம் ஒட்டறப்ப நான்தான் ஊட்டுல இருந்தேன். ஆம்பளை எங்கன்னு அப்பக் கேட்டீங்களா? ஒட்டறதுக்கு நான் போதும், எடுக்கறதுக்கு நான் போதாதா?"

குமாஸ்தா லூர்துசாமியைப் பார்த்தார். லூர்துசாமி சுவரைப் பார்த்தார். மைத் தட்டு வெளியே வந்தது. எட்டுக் கட்டைவிரல்கள். கடைசியில், "எழுதினது யாரு? எழுதினவர் கையெழுத்து வேணும்" என்றார் குமாஸ்தா. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அரசாங்கத்துக்கு எதிரான மனுவில் பெயர் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அஞ்சலை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதினேன். பன்னிரண்டு அடித்தது, சன்னல் மூடிக்கொண்டது.

எட்டு வீடு என்றால் கொஞ்சமா என்று லூர்துசாமி ஆறுதல் சொன்னார். செசிலி அம்மா ரசம் வைத்தார். எனக்கு இறங்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் முகம் தெரியாத அந்த முருகையனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கட்டுமரங்கள் கரையேறின. நல்ல மீன்பாடு. முருகையன் மெலிந்த மனிதர், என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார். வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நான்தான் சொன்னேன். மனு வேண்டாமென்று சொன்னது நான்தான்" என்றேன். வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"நீங்களா?" என்றார். "மந்திரி சொன்னாருன்னுல்ல எல்லாரும் சொன்னாங்க. அதனாலதான் நான் போனேன்."

திங்கட்கிழமை மதியம் வரைக்கும் லீவு கேட்டு அவருடன் அலைந்தேன். சன்னல் குமாஸ்தா, தேதி தாண்டிவிட்டது, தேதியை மன்னிக்கக் கமிஷனரால் மட்டுமே முடியும் என்றார். கமிஷனர் அலுவலகத்தில் ஒரு செயலாளர் எங்களை மரியாதையாக உட்கார வைத்தார். அதிகாரப் பங்கீடு முடிவாகும் நேரத்தில் விதியை மீறிச் சலுகை செய்தால் சபை கேள்வி கேட்கும், கவுன்சிலர் சிபாரிசு வந்தால் பார்க்கலாம் என்றார். கவுன்சிலர் தலையில் அடித்துக்கொண்டார். "என் சிபாரிசுக்கு அங்க என்ன மதிப்புன்னு எனக்கே எழுதிக் குடுக்கல. நான் கை தூக்கினதைப் பார்த்தீங்கல்ல?" என்றார். உறுப்பினரோ, "நாங்க ஏகமனதா நிறைவேத்திட்டோமே, இன்னும் என்ன?" என்று எங்களையே கேட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்த கதவைக் காட்டினார்கள்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. எட்டு வீட்டு ஆட்சேபம் ஏற்கப்பட்டது. பாதை வளையும். ஓரத்திலிருக்கும் ஒன்பதாவதற்கு ஆட்சேபம் இல்லாததால் அது பிரிக்கப்படும். ஆட்கள் வருவதற்குள் முருகையனே கூரையைப் பிரித்து மூங்கிலைக் கட்டி வைத்துவிட்டார். தெற்கே ஆறு மைல் தள்ளித் தவளக்குப்பத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கட்டுமரம் இங்கே, ஆள் அங்கே. கடலுக்குப் போகிற நாளெல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்து அந்தத் தூரம் நடந்து வர வேண்டும்.

கடைசி நாள் விவாதத்தில் எந்தத் துறை யாருக்கு என்று வரி வரியாகப் படித்தார்கள். தலையை நிமிர்த்தியபோது பார்வையாளர் பெஞ்சில் முருகையன் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. கையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் அசையாமல் கேட்டார். எனக்கு இரண்டு இடத்தில் வரி தவறியது.

சபை கலைந்ததும் வாசலில் என்னிடம் வந்தார்.

"எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க ஐயா. இதுல யாரு சொன்னா ஊடு நிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

நோட்டைப் புரட்டினேன். நாற்பது பக்கத்துக்கு மேல் இருந்தது. ஆலோசனை சொல்லலாம், பரிந்துரைக்கலாம், கருத்துத் தெரிவிக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

"இன்னும் அதை யாரும் சொல்லவில்லை" என்றேன்.

"சொன்னா எழுதிடுவீங்கல்ல?"

"எழுதிவிடுவேன்."

"அன்னிக்கும் எழுதறதோட நிறுத்தியிருக்கலாம்" என்றார்.

கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு, இருட்டுவதற்குள் தவளக்குப்பம் போய்ச் சேர வேண்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.